சபையில் பொறுப்பு வந்துவிட்டது, தகுதிதான் வரவில்லை: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஞாயிறு ஆராதனை முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போதுதான் பெரும்பாலும் இது நடக்கும். சபைப் போதகரான ஐயர் அங்கியைக் கழற்றிக் கையில் போட்டுக்கொண்டு வருவார். "தம்பி, நம் ஓய்வுநாள் பள்ளியில் சின்னப் பிள்ளைகளின் வகுப்புக்கு ஆள் இல்லை. நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள்" என்பார். மறுக்க வாய் வராது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுத்த பிறகுதான் வயிற்றைக் கலக்கும். நானா? எனக்கு என்ன தெரியும்? போன வாரம் வீட்டில் போட்ட சண்டை ஆண்டவருக்குத் தெரியாதா?

சிலருக்கு ஓய்வுநாள் பள்ளி, சிலருக்கு வீட்டு ஜெபக்கூட்டத்தில் செய்தி, சிலருக்கு வாலிபர் சங்கச் செயலாளர் பொறுப்பு. இறையியல் கல்லூரிப் பட்டத்தோடு முதல் சேகரத்தில் (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபை வட்டாரத்தில்) போய் இறங்குகிறவர்களுக்கும் இதே கலக்கம் உண்டு; அவர்கள் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். நான் தென்னிந்தியத் திருச்சபைக்காரன். ஆகவே எங்கள் வழக்குச் சொற்களில் எழுதுகிறேன். கத்தோலிக்க வாசகர்கள் ஓய்வுநாள் பள்ளி என்று வருகிற இடத்தில் மறைக்கல்வி வகுப்பு என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "உங்களால் முடியும்" என்று இந்தக் கட்டுரையில் எங்கும் வராது. உங்களால் முடியுமா என்பது எனக்குத் தெரியாது. தகுதி இல்லை என்ற உணர்வு தீர்ந்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருக்கவும் வேண்டாம். அது கடைசிவரை தீராமலே இருக்கலாம். அதை வைத்துக்கொண்டே, ஆண்டவரை நம்பி, வேலையை எப்படிச் செய்வது என்பதுதான் இங்கே பேச்சு.

முதல் வேலை: மோசேயின் ஐந்து மறுப்புகள்

யாத்திராகமம் மூன்றாம் அதிகாரத்தையும் நான்காம் அதிகாரத்தின் முதல் பதினேழு வசனங்களையும் ஒரே மூச்சில் வாசியுங்கள். கையில் பென்சில் இருக்கட்டும். மோசே மறுத்துப் பேசும் இடங்களில் எல்லாம் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். ஐந்து கோடு விழும். "நான் எம்மாத்திரம்" என்கிறார் (3:11). உம்முடைய நாமம் என்ன என்று கேட்டால் நான் என்ன சொல்வது என்கிறார் (3:13). அவர்கள் என்னை நம்பமாட்டார்கள் (4:1). நான் திக்குவாயும் மந்தநாவும் உள்ளவன் (4:10). கடைசியாக, வேறு யாரையாவது அனுப்பும் (4:13).

இனி ஒவ்வொன்றுக்கும் வந்த பதிலைப் பாருங்கள். முதல் மறுப்புக்கான பதிலில் மோசேயைப் பற்றி ஒரு நல்ல வார்த்தைகூட இல்லை. "நான் உன்னோடே இருப்பேன்" என்று ஆண்டவர் தம்மைப் பற்றித்தான் சொல்கிறார். அரண்மனையில் வளர்ந்தவன், எகிப்தியருடைய சாஸ்திரங்களைக் கற்றவன் என்று மோசேயின் தகுதிப் பட்டியலை எடுத்து நீட்டியிருக்கலாம்; நீட்டவில்லை. மூன்றாவது மறுப்புக்கு, "உன் கையிலிருக்கிறது என்ன" என்ற கேள்வி. இருந்தது ஆடு மேய்க்கிற கோல். நான்காவது மறுப்புக்கு, வாயை உண்டாக்கியவர் யார் என்ற கேள்வி. திக்குவாய் சரியாகிவிடும் என்று அங்கே வாக்குறுதி எதுவும் கிடையாது. ஐந்தாவது மறுப்புக்குத்தான் கோபம் வருகிறது, ஏனென்றால் அதில் காரணம் எதுவும் இல்லை, மனமில்லாமை மட்டுமே இருக்கிறது. கோபத்திலும் ஆளை மாற்றாமல், அண்ணன் ஆரோனைத் துணைக்குக் கூட்டிவிடுகிறார்.

உங்களுடைய மறுப்பு இந்த ஐந்தில் எது என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். பெரும்பாலானவர்கள் நான்காவதை எழுதுவார்கள். கொஞ்சம் தோண்டினால் ஐந்தாவதாக இருக்கும். ஞாயிறு காலைத் தூக்கம் போய்விடுமே என்பதுதான் பல பேருடைய திக்குவாய்.

அடுத்து: குறை எந்த வகை என்று பிரிப்பது

"எனக்குத் தகுதி இல்லை" என்ற ஒரே வாக்கியத்துக்குள் நான்கு வெவ்வேறு சங்கதிகள் ஒளிந்திருக்கும். எல்லாவற்றுக்கும் "நன்றாக ஜெபியுங்கள்" என்று ஒரே மருந்தைக் கொடுத்து அனுப்புவது நம் சபைகளில் வழக்கம். மூத்தவர்கள் மன்னிக்க வேண்டும், அது கேட்டவரைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிடுகிற ஆலோசனை.

முதல் வகை, வெறும் தெரியாமை. எஸ்றா எங்கே இருக்கிறது, நெகேமியா எங்கே இருக்கிறது என்று புரட்டித் தேட வேண்டியிருக்கிறது; பிள்ளைகள் முன்னால் நின்று பேசிப் பழக்கமில்லை. இதற்கு மருந்து படிப்பு. 391ஆம் ஆண்டு வட ஆப்பிரிக்காவில், ஹிப்போ நகரத்து ஆலயத்துக்கு வந்திருந்த அகுஸ்தீனாரைச் சபையார் பிடித்து நிறுத்திக் குருவாக்கிவிட்டார்கள். மிலானில் சொற்கலைப் பேராசிரியராக இருந்தவர் அவர். பேச்சுக்குக் குறைவில்லாத மனிதர். அவரே அழுதார். அழுகையோடு நிறுத்திக்கொள்ளாமல், தம் ஆயராகிய வலேரியுவுக்குக் கடிதம் எழுதி, வேதத்தைப் படிப்பதற்கு ஈஸ்டர் வரை அவகாசம் கேட்டார். நீங்களும் கேட்கலாம். "ஐயா, ஒரு மாதம் பக்கத்து வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பார்க்கிறேன், பிறகு எடுத்துக்கொள்கிறேன்" என்றால் எந்த ஐயரும் கோபித்துக்கொள்ளமாட்டார்.

நம் ஊர்க் கடற்கரையிலேயே சாட்சி இருக்கிறது. 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, உடல்நலம் சரியில்லாமல் ஜெர்மனியில் ஹாலேயில் படிப்பைப் பாதியில் விட்டவர். தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் அ, ஆ எழுதிப் பழகினார். 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி வெளிவந்தது. இரண்டு நூற்றாண்டு கழித்து நடந்ததும் இதே மாதிரிதான். வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா 1909இல் தோர்ணக்கல்லுக்கு மிஷனரியாகப் போனார். அங்கே தமிழில் பிரசங்கிக்க முடியாது. முப்பத்தைந்து வயதுக்காரர் தெலுங்கு கற்றுக்கொண்டார். 1912 டிசம்பரில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராக அபிஷேகம் பெற்றார்.

"அந்த நேரத்தில் ஆவியானவர் பேச வைப்பார்" என்று சொல்லித் தயாரிப்பைத் தட்டிக்கழிக்கிறவர்களையும் பார்க்கலாம். என்ன பேசுவோம் என்று கவலைப்படாதிருங்கள் என்ற வசனம் (மத்தேயு 10:19) விசாரணைக்கு இழுத்துக்கொண்டு போகப்படுகிறவர்களுக்குச் சொல்லப்பட்டது. சனிக்கிழமை இரவு முழுவதும் கிரிக்கெட் பார்த்தவருக்குச் சொல்லப்படவில்லை.

இரண்டாம் வகை, மனசாட்சியில் உறுத்துகிற பாவம். ஏசாயா தேவாலயத்தில் தரிசனம் கண்டபோது, தாம் அசுத்த உதடுகளுள்ள மனிதர் என்றுதான் கதறினார் (6:5). அவருக்குக் கிடைத்தது பலிபீடத்து நெருப்புத் தழல். வாங்கிய கடனைத் திருப்பித் தராமல் இழுத்தடிக்கிறீர்களா? தம்பியோடு சொத்துத் தகராறில் பேச்சுவார்த்தை நின்றுவிட்டதா? காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னது (மத்தேயு 5:23, 24) இதற்குத்தான். எவ்வளவு படித்தாலும் இந்த உறுத்தல் தீராது; போய்ப் பேசினால்தான் தீரும். அவர் பேச மறுத்தால் அது அவர் பாடு, நீங்கள் போயிருக்க வேண்டும். சபைப் பணத்திலோ பிள்ளைகளிடம் நடந்துகொள்வதிலோ தவறு இருந்தால் மட்டும் கதை வேறு. அங்கே பொறுப்பை ஏற்காதீர்கள், ஏற்றிருந்தால் இன்றே ஐயரிடம் சொல்லி விலகுங்கள். கிருபை என்ற சொல்லைப் போர்வையாக்கி அதை மூடக் கூடாது.

மூன்றாம் வகை, ஒப்பிடுதல். யூடியூபில் ஒரு பிரசங்கியாரைப் பார்க்கிறீர்கள். கையில் குறிப்பே இல்லாமல் ஒரு மணி நேரம் பொழிகிறார், கூட்டம் கண்ணீர் விடுகிறது. உடனே உங்கள் பத்து நிமிடச் செய்தி செல்லாக்காசாகிவிடுகிறது. அவர் அதே செய்தியை ஊர் ஊராகச் சொல்லிப் பழகியவர். கன்வென்ஷன் முடிந்ததும் காரில் ஏறிப் போய்விடுவார். உங்கள் தெருவில் காய்ச்சலில் கிடக்கிற பாட்டிக்கு அவர் வரப்போவதில்லை. பொறுப்பேற்ற முதல் ஆறு மாதத்துக்கு இந்தக் காணொளிகளைப் பார்க்காதீர்கள் என்பது என் கண்டிப்பான யோசனை. பாமாலைப் புத்தகத்தை எடுத்து வையுங்கள், அது போதும்.

நான்காம் வகை, களைப்பு. இதைத்தான் அதிகம் பேர் ஆவிக்குரிய குறை என்று தவறாக எண்ணிக்கொள்கிறார்கள். கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றி கண்ட எலியா, மறு அதிகாரத்திலேயே சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்கிறார் (1 இராஜாக்கள் 19). வந்த தேவதூதன் பிரசங்கம் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் கொடுத்தான். எலியா சாப்பிட்டுத் தூங்கினார். இரண்டாம் தரமும் எழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு, நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான். அலுவலகம், குழந்தைகள், பாடகர் குழுப் பயிற்சி எல்லாம் முடித்து இரவு பதினொன்றரைக்கு உட்கார்ந்து "நான் எதற்கும் லாயக்கில்லை" என்று தோன்றினால், அந்தத் தீர்ப்பை ஏற்காமல் போய்ப் படுங்கள். இரண்டு வாரத்துக்கு மேலும் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, வாழவே பிடிக்கவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள். டெலி மானஸ் என்ற மத்திய அரசின் மனநல உதவி எண் 14416. மாத்திரை சாப்பிடுவது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்குப் பவுல் சொன்ன வைத்தியத்தை (1 தீமோத்தேயு 5:23) அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

ஓர் ஆரோனைத் தேடிக்கொள்வது

மோசேக்கே தனியாகப் போகச் சொல்லப்படவில்லை. பிறகு வனாந்தரத்தில் காலை முதல் மாலை வரை ஒற்றை ஆளாக நியாயம் விசாரித்துக்கொண்டிருந்தபோதும், மாமனார் எத்திரோ வந்து பார்த்துவிட்டு, "நீ செய்கிற காரியம் நல்லதல்ல" என்று முகத்துக்கு நேரே சொன்னார் (யாத்திராகமம் 18:17). மருமகனிடம் இப்படிச் சொல்லக்கூடிய ஒருவர் உங்களுக்கும் தேவை.

யாரைப் பிடிப்பது? சபையில் எல்லாருக்கும் தெரிந்த பெரிய பேச்சாளரை வேண்டாம். அவருக்கு நேரம் இருக்காது. ஓய்வுபெற்ற ஆசிரியை, பழைய உபதேசியார், பெண்கள் ஐக்கிய சங்கத்தில் முப்பது வருடமாக ஜெபக்குழு நடத்துகிற அக்காள், இப்படி ஒருவர். அவரிடம் "எனக்காக ஜெபியுங்கள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். "மாதம் ஒரு முறை என் வகுப்பில் வந்து உட்காருங்கள், முடிந்ததும் திருத்த வேண்டியது ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். ஒன்றே ஒன்று என்பது முக்கியம். பத்துக் குறையைக் கேட்டு யாரும் தேறியதில்லை.

அவரிடம் உங்கள் பயத்தையும் சொல்லுங்கள். கொரிந்து சபைக்கு எழுதும்போது, பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் உங்களிடத்தில் இருந்தேன் என்று பவுல் கடிதத்திலேயே எழுதிவிட்டார் (1 கொரிந்தியர் 2:3). ஒரு சபையே வாசிக்கும்படி அவர் எழுதியதை, ஒரே ஓர் ஆளிடம் சொல்ல நமக்கு என்ன வெட்கம்?

ஒரு வாரத்தை நடத்துவது

இதை ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். எட்டு வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர். பாடம், கடலைக் கண்டித்த கதை, மாற்கு 4:35 முதல் 41 வரை.

திங்கள், செவ்வாயில் அந்த ஏழு வசனங்களை மட்டும் மறுபடி மறுபடி வாசியுங்கள். விளக்கவுரையைத் தொடாதீர்கள். பழைய மொழிபெயர்ப்பில் ஒரு தரம், பொது மொழிபெயர்ப்பில் ஒரு தரம். மூன்றாம் வாசிப்பில் ஏதாவது ஒன்று கண்ணில் படும். கப்பலின் பின்பக்கத்தில் இயேசு தலையணை வைத்துத் தூங்கினார் என்று மாற்கு எழுதுகிறார். தலையணையை மத்தேயுவும் லூக்காவும் விட்டுவிட்டார்கள். எட்டு வயதுப் பிள்ளைக்குத் தலையணை தெரியும். உங்கள் பாடம் அங்கிருந்து தொடங்கட்டும்.

புதன்கிழமை, பாடம் முழுவதையும் ஒரு வாக்கியத்தில் எழுதுங்கள். உதாரணமாக, "பயந்து கத்தினவர்களை இயேசு படகைவிட்டு இறக்கிவிடவில்லை." அந்த ஒரு வாக்கியம் கிடைக்காதவரை கதை சொல்லத் தயாராகவில்லை என்று பொருள். அதில் அடங்காததை எல்லாம், எவ்வளவு அருமையாக இருந்தாலும், வெட்டிவிடுங்கள். புதியவர்கள் தடுமாறுவது விஷயம் இல்லாததால் அல்ல. ஆதியாகமம் முதல் வெளிப்படுத்தல் வரை எல்லாவற்றையும் ஒரே ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடப் பார்ப்பதால்தான்.

வியாழனும் வெள்ளியும் ஜெபத்துக்கு. வகுப்பின் வருகைப் பதிவேட்டை எடுத்துவைத்து, ஒவ்வொரு பெயராகச் சொல்லுங்கள். இந்தப் பையன் மூன்று வாரமாக வரவில்லை. அந்தப் பிள்ளையின் அப்பா வளைகுடாவில் இருக்கிறார். இவளுக்கு வாசிக்க வராது, அதனால் வாசிக்கச் சொன்னால் அழுவாள். பதிவேட்டைக் கையில் வைத்து ஜெபித்தால், நான் தகுதியா என்ற கேள்வி பாதி நேரம் மறந்தே போகும், ஏனென்றால் யோசனை அவர்கள் மேல் போய்விடுகிறது. உங்களுக்காக ஜெபிக்க நீளமான வார்த்தைகள் வேண்டாம். பேய்பிடித்த மகனோடு வந்த தகப்பன் சொன்னது போதும்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்" (மாற்கு 9:24). அரைகுறை விசுவாசத்தோடு வந்த அந்த மனிதரை ஆண்டவர் திருப்பி அனுப்பவில்லை, மகன் சுகமானான்.

சனிக்கிழமை, வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். மொட்டை மாடியிலோ குளியலறையிலோ. மனதுக்குள் சொல்வது கணக்கில் சேராது, நாக்கு எங்கே தடுக்குகிறது என்பது அதில் தெரியாது. பெரியவர்கள் கூட்டத்தில் செய்தி கொடுப்பதானால் கடிகாரம் வைத்துச் சொல்லுங்கள். பதினைந்து நிமிடம் தந்தால் பன்னிரண்டில் முடியும்படி தயாரித்தால், மேடையில் அது பதினைந்து ஆகும்.

வகுப்பிலும் துக்க வீட்டிலும்

என்னதான் தயாரித்தாலும் தயாரிப்பில் இல்லாதது ஒன்று வரும். கடல் கதையை நீங்கள் அழகாகச் சொல்லி முடித்தவுடன், பின்வரிசையில் இருக்கிற பிள்ளை கையைத் தூக்கும். "அண்ணா, நாங்கள் எல்லாரும் ஜெபித்தோமே, தாத்தா ஏன் செத்துப்போனார்?"

இந்த இடத்தில் பலர் தகுதியைக் காப்பாற்றிக்கொள்ளப் பார்ப்பார்கள். தாத்தாவை இயேசு கூப்பிட்டுக்கொண்டார் என்றோ, நம் ஜெபத்தில் விசுவாசம் போதவில்லை என்றோ எதையாவது சொல்லிவைப்பார்கள். இரண்டாவது பதிலை ஒருநாளும் சொல்லாதீர்கள். தாத்தாவின் சாவுக்குத் தானே காரணம் என்று அந்தப் பிள்ளை நினைத்துக்கொள்ளும். "எனக்குத் தெரியவில்லை கண்ணு. தாத்தா பெயர் என்ன? உன்னை எப்படிக் கூப்பிடுவார்?" என்று கேளுங்கள். லாசருவின் கல்லறையருகே இயேசு அழுதார் என்று சொல்லுங்கள். ஆசிரியர் தெரியவில்லை என்று சொன்னதால் எந்தப் பிள்ளையும் விசுவாசத்தை விட்டுப் போனதில்லை. தெரிந்ததுபோல் நடித்ததைப் பெரியவர்களான பிறகு ஞாபகம் வைத்திருக்கிறார்கள்.

துக்க வீடு இன்னும் கடினம். ஐயர் பக்கத்துச் சேகரத்திலிருந்து பஸ்ஸில் வந்துகொண்டிருப்பார். ஐஸ் பெட்டியைச் சுற்றிப் பெண்கள் அழுதுகொண்டிருப்பார்கள். யாரோ ஒரு பெரியவர் உங்களைப் பார்த்து, "ஓய்வுநாள் பள்ளி ஐயாதானே, ஒரு ஜெபம் பண்ணுங்கள்" என்றுவிடுவார். நாக்கு ஒட்டிக்கொள்ளும். என்ன செய்வது?

உள்ளே நுழையும் முன், பந்தலில் நிற்கிற ஒருவரிடம் இறந்தவர் பெயர், துணைவர் பெயர், பிள்ளைகள் பெயர் மூன்றையும் கேட்டு ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். பெயர் மாறிப்போனால் அந்த வீட்டில் அதை இருபது வருடம் பேசுவார்கள். வாசிக்க ஒரு பகுதி போதும்: சங்கீதம் 23, அல்லது யோவான் 14இன் முதல் மூன்று வசனங்கள். நிதானமாக வாசியுங்கள், விளக்கம் வேண்டாம். யோபின் நண்பர்கள் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள் (யோபு 2:13). அதுவரை அவர்கள் நல்ல நண்பர்கள். வாயைத் திறந்து காரணம் சொல்லத் தொடங்கிய பிறகுதான் கெட்டார்கள். நல்ல பூவைத் தோட்டக்காரர் பறித்துக்கொண்டார் என்ற பேச்செல்லாம் துக்கத்தில் கிடக்கும் தாயின் காதில் எப்படி விழும் என்று யோசியுங்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் பறித்தவரைப் புகழ்கிற பேச்சு அது. பெயர்களைச் சொல்லி இரண்டு நிமிடம் ஜெபியுங்கள். பரமண்டல ஜெபத்தை எல்லாருமாகச் சொல்லி முடியுங்கள். உங்கள் குரல் உடைந்தாலும் மற்றவர்கள் குரல் அதைத் தூக்கிக்கொண்டு போகும். பிறகு ஓடிவிடாமல் ஒரு நாற்காலியில் உட்காருங்கள். கடுங்காப்பி கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள்.

முடிந்த பிறகு

ஞாயிறு மதியம் உங்களுக்கு நீங்களே மதிப்பெண் போடாதீர்கள். உடல் தளர்ந்திருக்கும், எல்லாம் சொதப்பியதாகவே தோன்றும். திங்கள் மாலை நோட்டை எடுத்து இரண்டே வரி: எது பிள்ளைகளைத் தொட்டது, அடுத்த முறை எதை மாற்றுவது.

விமரிசனம் வரும். கொரிந்துவில் பவுலைப் பற்றியே, கடிதம்தான் கனமாக இருக்கிறது, ஆள் நேரில் பலவீனம், பேச்சு அற்பம் என்றார்கள் (2 கொரிந்தியர் 10:10). துரோவாவில் அவர் நடுராத்திரிவரை பிரசங்கித்ததில் ஐத்திகு என்ற வாலிபன் தூங்கி மூன்றாம் மாடியிலிருந்தே விழுந்தான். உங்கள் செய்தியில் ஒருவர் கொட்டாவி விட்டதற்கு இவ்வளவு கலங்க வேண்டியதில்லை. சொன்னவர் உங்கள் ஆரோனா என்று மட்டும் பாருங்கள். ஆமென்றால் எழுதிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நன்றி சொல்லிவிட்டு, அடுத்த முறை ஆரோனைச் சந்திக்கும்போது அது சரியா என்று கேளுங்கள். புகழ்ச்சிக்கும் இதே விதிதான். "பிரமாதம் தம்பி" என்பதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

மாதங்கள் கடந்தும் உணர்வு மாறாவிட்டால்

மாறாமல் இருக்கலாம். பிரான்சில் 1818இல் ஆர்ஸ் என்ற குக்கிராமத்துக்குப் பங்குக் குருவாக அனுப்பப்பட்ட ஜான் மரிய வியான்னி, லத்தீன் தேர்வில் தடுமாறி, குருப்பட்டம் கிடைக்குமா என்றே சந்தேகிக்கப்பட்டவர். ஊரில் இருந்தவர்கள் இருநூற்றுச் சொச்சம் பேர். பின்னாளில் ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யத் தேடி வந்தார்கள். அப்போதும் தமக்கு இந்தப் பொறுப்புக்குத் தகுதி இல்லை என்று எண்ணி, ஊரைவிட்டுப் போய்விட ஒரு தடவைக்கு மேல் முயன்றார். 1853இல்கூடக் கிளம்பினார், மக்கள் வழிமறித்துத் திருப்பிக் கூட்டிவந்தார்கள். 1859இல் அங்கேயே இறந்தார். நாற்பத்தொரு ஆண்டு ஊழியம் அந்த உணர்வைத் தீர்க்கவில்லை. அந்த உணர்வும் ஊழியத்தை நிறுத்தவில்லை.

அன்னை தெரசா கல்கத்தாவில் பல பத்தாண்டுகள் ஆண்டவர் அருகில் இருப்பதாகவே உணராமல் வேலை செய்தார் என்பது அவர் மறைவுக்குப் பிறகு வெளிவந்த கடிதங்களில் தெரிந்தது. உள்ளம் வறண்டால் விசுவாசம் செத்துவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். அப்படிப்பட்ட நாட்களில் சொந்த வார்த்தைகளில் ஜெபிக்க முடியாவிட்டால் சங்கீதம் 13ஐ எடுங்கள். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று அது தொடங்குகிறது, ஆறே வசனம். ஜெபப்புத்தகத்தில் அச்சிட்ட ஜெபத்தை வாசித்தாலும் அது ஜெபம்தான். "என் கிருபை உனக்குப்போதும்" என்ற வசனத்தை (2 கொரிந்தியர் 12:9) வாழ்த்து அட்டையில் பார்த்துப் பார்த்துப் பழகிவிட்டோம். முள்ளை எடுத்துப் போடும்படி பவுல் மூன்று தரம் கேட்டும் எடுக்கப்படவில்லை என்ற முந்தைய வசனத்தோடு சேர்த்து வாசியுங்கள். அது மறுப்பாக வந்த பதில். அந்த மறுப்போடுதான் பவுல் பிறகும் ஊர் ஊராகப் போனார்.

எப்போது வேண்டாம் என்று சொல்லலாம்

எல்லாப் பொறுப்பும் ஆண்டவரின் அழைப்பு ஆகிவிடாது. சில நேரம் அது ஆள் கிடைக்காத ஐயரின் அவசரம் மட்டுமே. ஒரு வருடம் படித்து, ஆரோன் சொன்னதைத் திருத்தி, ஜெபித்துச் செய்த பிறகும் பிள்ளைகள் உங்களிடம் ஒட்டவில்லை, உங்களுக்கும் அந்த வேலையில் உயிர் இல்லை என்றால், வகுப்பு உங்களுக்குரியதல்லாமல் இருக்கலாம். கணக்கு எழுதுவதில், நோயாளிகளைப் பார்ப்பதில், அசன விருந்துக்குச் சமையல் மேற்பார்வையில் நீங்கள் சிறக்கலாம். ரோமர் 12இல் பவுல் அடுக்குகிற வரங்களில் போதிப்பதும் இருக்கிறது, இரக்கம் காட்டுவதும் இருக்கிறது. இரண்டையும் ஒரே வரிசையில்தான் வைத்திருக்கிறார்.

முடிவை ஆரோனிடம் சொல்லி, அவரும் அப்படித்தான் நினைக்கிறாரா என்று கேளுங்கள். ஞாயிறு இரவிலோ, ஒருவர் மனம் புண்படப் பேசிய வாரத்திலோ முடிவெடுக்காதீர்கள். ஐயரிடம் மூன்று மாதம் முன்னதாகச் சொல்லுங்கள். கல்வியாண்டு முடிகிற சமயமானால் பிள்ளைகளுக்கும் நல்லது. உங்களுக்குப் பின் வருகிறவரைச் சில வாரங்கள் பக்கத்தில் உட்காரவையுங்கள். வருகைப் பதிவேட்டையும், எந்தப் பிள்ளைக்கு வாசிக்க வராது, யாருடைய அப்பா வெளிநாட்டில் இருக்கிறார் என்று எழுதிவைத்த நோட்டையும் அவர் கையில் கொடுத்துவிட்டு விலகுங்கள்.